வெந்நீர் ஏலம்

பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு விற்ற ஒரு பொருள், வாங்குகிறவர்களுக்கு அரசாங்கம் பன்னிரண்டாயிரம் மானியம் தரும் என்ற அறிவிப்பு வந்த மறுமாதமே முப்பதாயிரம் ஆகிவிட்டால், அந்த மானியம் யாருக்கு வந்த மானியம்? எனக்கு வயிறு பற்றி எரிந்தது. கணக்கு வராதவர்களுக்குத்தான் இதில் சந்தேகம் வரும். ஏரியூர் பக்கத்தில் எங்கள் ஊரில் பத்து வருடமாக ஏலச்சீட்டு நடத்துகிறவள் நான். எனக்குச் சந்தேகம் வரவில்லை, நேராகக் கோபம்தான் வந்தது.

பொருள் வேறொன்றுமில்லை, மொட்டை மாடியில் வைக்கிற சோலார் வாட்டர் ஹீட்டர். பகலெல்லாம் வெயிலில் தண்ணீர் சுட்டுக் கிடக்கும், காலையில் குழாயைத் திறந்தால் வெந்நீர். பொம்மிடியில் இருக்கும் என் சித்தி மகள் ஐஸ்வர்யா, மானியப் பேச்சே இல்லாத காலத்தில் அதைப் பதினெட்டரைக்கு வாங்கி வைத்தாள். இப்போது அதே ஹீட்டர், அதே அளவு, முப்பது. மானியம் போக நாம் கட்ட வேண்டியது பதினெட்டு. பன்னிரண்டாயிரத்தில் நமக்கு ஐந்நூறு, மிச்சம் கடைக்காரருக்கு. தேங்காயை அவர் எடுத்துக்கொண்டு நாரை நம் கையில் கொடுக்கிறார், நாமும் கும்பிட்டு வாங்கிக்கொள்கிறோம்.

ஊரில் இதைச் சொன்னால், "கவர்மெண்டு பணம்தான நிர்மலா, நம்ம வூட்டுப் பணமா போவுது" என்றார்கள். எனக்கு இன்னும் எரிந்தது. கவர்மெண்டு பணம் எங்கே காய்க்கிறது? நாம் தீப்பெட்டி வாங்கினாலும் அதில் ஒரு பங்கு அங்கே போகிறது.

வெந்நீர் எங்களுக்கு ஆடம்பரம் இல்லை. மார்கழியில் விடிகாலைத் தொட்டித் தண்ணீரைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். விறகுக்குப் போனால் காட்டு இலாகாக்காரர் விரட்டுகிறார். பக்கெட்டில் ஹீட்டர் ராடைப் போட்டால் கரண்ட் பில் அடுத்த படிக்குத் தாவிவிடுகிறது. அதனால் மானியம் என்றதும் ஊரே துள்ளியது. ஆளுக்கொரு பக்கமாக ஓடி, கடைக்காரர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடத் தயாராக நின்றார்கள்.

நான் சீட்டுக்கு வந்த பெண்களை நிறுத்தி வைத்துச் சொன்னேன். "யாரும் தனியாப் போகாதீங்க. எல்லாரும் சேர்ந்து ஒரே வெலயாக் கேக்கலாம். கடைக்காரங்களை இங்க வரவெச்சு ஏலம் விடலாம்."

"ஏலத்துல வெல ஏறத்தான செய்யும், எப்படி எறங்கும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நம்ம சீட்டுல என்ன ஏறுது?" என்றேன். அவ்வளவுதான், புரிந்துவிட்டது. எங்கள் சீட்டில் இருபது பேர் மாதம் ஐயாயிரம் போடுகிறோம். ஒரு லட்சம் சேரும். பணம் அவசரமாக வேண்டியவர் தள்ளி எடுப்பார். "பத்தாயிரம் தள்ளு" என்று ஒருவர் சொன்னால் தொண்ணூறாயிரம் அவர் கைக்கு, தள்ளிய பத்தாயிரம் எல்லோருக்கும் பங்கு. இன்னொருவர் "பன்னெண்டு தள்ளு" என்பார். நான் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் சொன்னால் முடிந்தது. மூணு தரத்துக்குப் பிறகு அழுதாலும் புரண்டாலும் சொன்ன வாய் சொன்னதுதான்.

"அவசரக்காரந்தான் தள்ளுவான். இந்தத் தடவ அந்த அவசரம் கடைக்காரனுக்கு வரட்டும்" என்றேன். பெண்கள் சிரித்துவிட்டார்கள். முப்பது வீடு சேர்ந்தது. கடைசியாக, எல்லோரும் கலைந்த பிறகு, கோவிந்தம்மாள் அக்கா வந்து என் முகத்தைப் பார்க்காமல் "என் பேரையும் சேத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருடம் சீட்டில் மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும் என்ற பதற்றத்தில், போட்டியே இல்லாத நேரத்தில் பெரிதாகத் தள்ளிவிட்டாள். மூணு தரம் சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "கொஞ்சம் கொறச்சுப் போட்டுக்க நிர்மலா" என்று எல்லோர் முன்னாலும் கெஞ்சினாள். நான் முடியாது என்றேன். ஒருத்திக்கு விட்டால் சீட்டே நிற்காது. அன்றிலிருந்து மாதாமாதம் வருவாள், பணத்தைக் கட்டுவாள், என்னோடு ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டாள். நான் செய்தது சரி. ஆனாலும் அவள் நடந்து போகிற முதுகைப் பார்க்கும்போது எனக்கு வலிக்கும்.

முப்பத்தொரு வீடு. எல்லோரும் என் பேச்சை நம்பித் தனியாக மனுப் போடாமல் காத்திருந்தார்கள். மானியமோ மாவட்டத்துக்கு இத்தனை வீடு என்று அளவு வைத்தது, நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தது. ஏலம் கவிழ்ந்து மானியமும் தீர்ந்துபோனால் இத்தனை வீட்டு வாயிலும் நான்தான் விழுவேன். அப்புறம் என்னை நம்பி ஒரு ரூபாய் சீட்டுப் போட ஊரில் ஆள் இருக்காது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்லக் கூடாது, பயத்தைவிடக் குஷிதான் அதிகம்.

மூன்று கடைக்காரர்கள் வந்தார்கள். மூவரும் திட்டத்தில் பதிவு பெற்றவர்கள், அவர்கள் மாட்டினால்தான் மானியம் கிடைக்கும். தர்மபுரியில் பெரிய கடை வைத்திருக்கும் மாதவராஜ் இரண்டு ஆட்களோடு காரில் வந்தார். வெள்ளைச் சட்டை, நிதானமான ஆள். பென்னாகரம் அருண்குமார் பைக்கில் வந்தார். ஐஸ்வர்யாவுக்கு ஹீட்டர் மாட்டிக் கொடுத்த பொம்மிடி சவுரியப்பன் ஒரு பழைய வேனில், மாதிரிக்கு ஒரு ஹீட்டரையே ஏற்றிக்கொண்டு வந்தார்.

இடம் பால் சொசைட்டிக் கட்டடம். காலைப் பால் ஊற்றி முடித்து, தரையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் குப்புராஜ் டீ கொண்டுவந்தார். நல்ல மனிதர், உழைப்பாளி. ஒரே ஒரு வியாதி அவருக்கு. "ரெண்டு தரம்" என்று காதில் விழுந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். எந்தத் தேவையும் இல்லாமல் இரண்டு முறை சீட்டைத் தள்ளி எடுத்து எங்களுக்கே நஷ்டம் செய்திருக்கிறார். கேட்டால், "சும்மா கெடக்குதேன்னு சொன்னேன் புள்ள" என்பார். அதனால் டீயை வைத்துவிட்டு வெளியே போகச் சொல்லியிருந்தேன். அவரும் தலையாட்டிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

மேஜைமேல் எங்கள் வீட்டு ஹீட்டர் ராடை வைத்தேன். வெள்ளை வெளேரென்று உப்பு மொத்தமாகப் படிந்து சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருந்தது. "எங்க ஊரு போர்த் தண்ணி இதுதாங்க. இந்தத் தண்ணிக்குத் தாங்கற டேங்கு, அஞ்சு வருசம் கேரண்டி. அதுக்குத்தான் வெல. முப்பத்தோரு வூடு, மொத்தமா ஒருத்தருக்கே. முப்பதுல ஆரம்பிக்கறேன். யாரு எவ்வளவு தள்ளுறீங்க?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாதவராஜ் டீயை ஊதினார். அருண்குமார் அவரைப் பார்த்தார், அவர் இவரைப் பார்த்தார். வருவதற்கு முன்பே பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"எல்லாருக்கும் ஒரே வெலதாங்க, மேடம்" என்றார் மாதவராஜ். "மானியம் போகத்தான் பாக்கணும். உங்க கைக் காசு எவ்வளவுன்னு பாருங்க."

"சரிங்க. எங்க சீட்டுல யாரும் தள்ளலைன்னா குலுக்கிப் போடுவோம்" என்று சொல்லி, சீட்டுக் குலுக்குகிற ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தேன். மூன்று துண்டுச் சீட்டில் மூவர் பேரையும் எழுதிப் போட்டேன். "யாரு பேரு வருதோ அவருக்கு முப்பத்தோரு வூடும். மத்த ரெண்டு பேரும் டீயக் குடிச்சிட்டுக் கெளம்பலாம்."

குலுக்கி ஒருவர் பேர் வந்தால் முப்பதாயிரத்துக்கு நாங்கள் தலையைக் கொடுக்க வேண்டும். ஆனால் பாட்டிலைக் குலுக்கிய சத்தத்தில் சவுரியப்பனுக்கு முகம் மாறியது. அவ்வளவு தூரத்திலிருந்து வேனுக்கு டீசல் போட்டு வந்த மனிதர்.

"இருபத்தெட்டு" என்றார்.

மாதவராஜ் டம்ளரைக் கீழே வைத்தார். அருண்குமார் அவரைப் பார்க்கவே இல்லை, "இருபத்தேழு" என்றார். ஒப்பந்தம் அங்கேயே உடைந்தது. அதன்பிறகு பார்க்க வேண்டுமே. இருபத்தாறரை, இருபத்தஞ்சு, இருபத்துநாலு. சீட்டில் எங்கள் ஆட்கள்கூட இப்படித் தள்ளியதில்லை. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விலைக்கும் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் மானியம் கடைக்காரர் பையிலிருந்து எங்கள் கூரைமேல் நகர்ந்து வருவது எனக்குக் கண்ணுக்கே தெரிந்தது.

இருபதுக்கு வந்தபோது அருண்குமார் ஒரேயடியாக "பதினஞ்சு" என்றார். எல்லோரும் ஆவென்று பார்த்தார்கள். அப்போது பின்னால் இருந்து கோவிந்தம்மாள் அக்கா, மேஜைமேல் கிடந்த ராடைக் காட்டி, "தம்பி, அந்த டேங்கு இந்த உப்புக்குத் தாங்குமா?" என்று கேட்டாள்.

அருண்குமார் நெளிந்தார். "அது வேற மாடலுங்க. கேரண்டி ஒரு வருசம்."

"அப்ப அது வேற ஏலம்" என்றாள் அக்கா. அந்த விலையை நான் கணக்கில் எடுக்கவில்லை. அருண்குமார் அதோடு கையைக் கட்டிக்கொண்டார்.

மாதவராஜும் சவுரியப்பனும் மட்டும் நின்றார்கள். பத்தொன்பதரை. பத்தொன்பது. சவுரியப்பன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மாதவராஜ் மெதுவாக, "பதினெட்டரை" என்றார்.

ஐஸ்வர்யா வாங்கிய விலை. எனக்குக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. இதற்காகத்தான் இத்தனை பாடு. மானியம் முழுசாக எங்களுக்கு. ஆறாயிரத்து ஐந்நூறுக்கு வீட்டில் வெந்நீர். சவுரியப்பன் கையெடுத்துக் கும்பிட்டு, "நம்மால ஆகாதுங்க" என்றார்.

"பதினெட்டரை, ஒரு தரம்" என்றேன். "பதினெட்டரை, ரெண்டு தரம்."

"பதினேழரை."

வாசற்படியில் இருந்து வந்தது குரல். நான் திரும்பிப் பார்க்கவே தேவையில்லை. என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவர் வாய் இன்னும் மூடவில்லை, அந்த வார்த்தையை வேறு யாரோ சொன்னது போல அவரும் சுற்றுமுற்றும் பார்த்தார்.

கட்டடமே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், எதிரே மாதவராஜ் சிரித்த விதத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால். அது எல்லாம் தெரிந்தவர் சிரிப்பு. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "மேடம், வூட்டுக்காரர வெச்சு வெல எறக்குறீங்க போலிருக்கு. நடத்துங்க. நான் பதினெட்டரையிலயே இருக்கேன்" என்றார்.

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவர் நினைத்தது எனக்குப் புரிந்தது. இவள் கணவனை ஏவிவிட்டுப் பொய் விலை சொல்லவைக்கிறாள், நாம் அசையாமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் 'அவர் விளையாட்டுக்குச் சொன்னார்' என்று பதினெட்டரைக்கே திரும்பி வருவாள்.

அப்படித் திரும்பி வரவும் முடியும். ஊரில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். "அண்ணன் சும்மா சொன்னாரு, விடு நிர்மலா" என்று ஒருத்தி சொல்லவே சொன்னாள். வீட்டுக்காரரும், "தெரியாம வந்துட்டுதுங்க" என்று தலையைச் சொறிந்தார்.

அப்போதுதான் கோவிந்தம்மாள் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருடம் கெஞ்சி நின்றவளுக்கு ஒரு சட்டம், தாலி கட்டியவருக்கு ஒரு சட்டமா என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் பார்த்தாள்.

பதினேழரைக்கு முடிந்தால், பதிவு பெற்ற யாரையாவது வைத்து நாங்கள்தான் ஹீட்டர் போட்டுத் தர வேண்டும். வீட்டுக்கு ஆயிரம் எங்கள் கையைவிட்டுப் போகும். முப்பத்தோராயிரம். மரவள்ளிக் கிழங்கு வெட்டி வந்த பணம், இன்னும் பீரோவில் சூடு ஆறவில்லை.

"பதினேழரை, ஒரு தரம்" என்றேன்.

சிரிப்பு நின்றது.

"ரெண்டு தரம்." என் வீட்டுக்காரரை மட்டும் பார்த்தேன். இந்த முறை அவர் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தார். மாதவராஜ் இன்னும் சாய்ந்துதான் இருந்தார். ஆனால் கால் ஆடுவது நின்றிருந்தது.

"மூணு தரம்."

சொல்லிவிட்டேன். அப்போது எனக்கு வந்தது பயமா சந்தோஷமா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. எழுந்து நின்று சொன்னேன். "ஏலம் என் வூட்டுக்காரர் பேர்ல முடிஞ்சுது. வூட்டுக்குப் பதினேழரைதான், அதுல மானியம் பன்னெண்டு. மேல ஆகறது எங்க வூட்டுப் பொறுப்பு, கெழங்கு வித்த பணம் இருக்கு. சார், பதினெட்டரைக்கு நீங்க போட்டுத் தர்றதாச் சொன்னீங்க. ஆயிரம் ஆயிரமா நான் எண்ணித் தர்றேன். வேலைய ஆரம்பிங்க."

"நாங்க ஆளுக்கு ஆயிரம் போட்டுக்கறோம் நிர்மலா" என்று பெண்கள் குரல் கொடுத்தார்கள்.

"வேண்டாம். சொன்ன வாய் சொன்னதுதான்" என்றேன். வீட்டுக்காரர் படியில் இருந்து, "ஆமா, நான் சொன்னதுதான்" என்றார். வெளிறிப்போன முகத்தோடு அதை அவர் சொன்னபோது, எனக்கு அவர்மேல் கல்யாணமான புதிதில் வந்த மாதிரி ஆசை வந்தது. திட்டுவதைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

மாதவராஜ் எழுந்தார். காரை நோக்கித்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் மேஜை அருகே வந்து, உப்புப் படிந்த ராடை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"கெழங்குப் பணத்துல கை வெக்காதீங்க. பதினேழரைக்கே போட்டுத் தர்றேன்" என்றார்.

நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பதினேழரை கட்டுப்படியாகும்னா அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க மூணு தரம் சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேங்க" என்றார். கூச்சப்படவே இல்லை. "ஒரே லாரி, ஒரே ஊரு, என் ஆளுங்க இங்கயே தங்கி மாட்டிருவாங்க. வூடு வூடா அலைஞ்சு விக்கற செலவும் இல்ல. பதினேழரைக்கும் எனக்கு நிக்கும். ஆனா நீங்க எப்படியும் திரும்பி வருவீங்கன்னு இருக்கறப்ப, எதுக்குங்க எறங்கணும்?"

"இப்ப மட்டும் எதுக்கு எறங்கறீங்க?"

"சொந்தப் புருசனுக்கே மூணு தரம் சொல்ற ஊருங்க இது. இந்த முப்பத்தோரு வூட்டு மாடியிலயும் என் கடைப் பேரு இருந்தா, ஏரியூரு பூரா என்னைக் கேள்வி கேக்காம வாங்குவாங்க. எனக்கு அதுதான் லாபம்."

அதன்பிறகு சொசைட்டியில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. ஐந்தாயிரத்து ஐந்நூறு, ஐந்தாயிரத்து ஐந்நூறு என்று அந்தத் தொகையைச் சாமி பேர் மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அருண்குமார் மிச்ச டீயைக் குடித்தார். சவுரியப்பன் என்னிடம் வந்து, "எங்க பக்கத்து ஊர்லயும் இதை நடத்த வந்துராதீங்கம்மா" என்று சிரித்தபடி கேட்டுக்கொண்டார். நான் வாக்குக் கொடுக்கவில்லை. மாதவராஜின் ஆட்கள் அப்போதே எந்த மாடியில் வெயில் நன்றாக விழும் என்று பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். பின்னாலேயே பாதி ஊர் போனது. என் வீட்டுக்காரர் எல்லோருக்கும் முன்னால், ஏலத்தைத் தானே திட்டம் போட்டு முடித்தவர் போலக் கையை நீட்டி நீட்டி வழிகாட்டிக்கொண்டு போனார்.

நான் டம்ளர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். கோவிந்தம்மாள் அக்கா மட்டும் போகவில்லை. கிட்டே வந்து என் கையில் இருந்த டம்ளர்களை வாங்கிக் குழாயடியில் வைத்து அலசத் தொடங்கினாள். நானும் பக்கத்தில் குந்தினேன். ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"போன வருசம் நீ எனக்குச் சொன்ன மூணு தரம், இன்னைக்குத்தான் நிர்மலா எனக்குச் செரிச்சுது" என்றாள்.